பார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் அதிர்ச்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. இரண்டு மூன்று மாதங்கள் நன்றாக ஓடும். ஒரு நாள் கடிதம் டைப் செய்து கொண்டிருக்கும்போதோ, பிள்ளைகள் கேம் விளையாடிக் கொண்டிருக்கும்போதோ திரை முழுவதும் நீல நிறமாகும். விண்டோஸ் 11-ன் புதிய பதிப்பு என்றால் 2025 முதல் இது கருப்புத் திரை. சில ஆங்கில வரிகள் தோன்றும். என்ன என்று படிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பதறிப்போய் தெரிந்த ஒருவரை அழைப்போம். அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "வைரஸ் சார், பார்மட் பண்ணிடலாம்."

என் பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டிலும் இதுதான் நடந்தது. பார்மட் செய்தார்கள். மகளின் திருமணப் போட்டோக்கள் இருந்த போல்டரும் சேர்ந்து போனது. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சரியாக ஒரு வாரத்தில் நீலத் திரை மீண்டும் வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் வைரஸ் எதுவும் இல்லை. பழைய வெப் கேமரா ஒன்றின் டிரைவர்தான் கோளாறு. பார்மட் செய்த கையோடு அதே டிரைவரை அதே சிடியில் இருந்து மீண்டும் ஏற்றியிருக்கிறார்கள். நோயை ஏற்றிவிட்டு மருந்து கொடுத்த கதைதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இப்படிப்பட்ட பல கிராஷ்களுக்குக் காரணம் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளத்தில் நடக்கும் மெமரி ஒதுக்கீட்டுத் தவறு. அதைத் திருத்தும் வேலை யாரோ ஒருவர் பிழைச் செய்தியை அக்கறையோடு குறித்து வைப்பதில்தான் தொடங்குகிறது. பார்மட் அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறது. ஆகவே முதல் வேலையாக பார்மட் செய்யும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

கெர்னல் என்னும் மேனேஜர்

விண்டோஸ், லினக்ஸ் என்று நாம் சொல்லும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குப் பெயர் கெர்னல். கீபோர்டு, மவுஸ், ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், மெமரி எல்லாவற்றையும் நிர்வகிப்பது இதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

கெர்னலின் முக்கிய வேலைகளில் ஒன்று ராம் மெமரியைப் பங்கிட்டுக் கொடுப்பது. இதைப் புரிந்துகொள்ள ஒரு கோயில் ஊர் லாட்ஜை நினைத்துக் கொள்ளுங்கள். ராம் மெமரிதான் லாட்ஜ். கெர்னல்தான் மேனேஜர். ராம் மெமரியைக் கெர்னல் 4 கேபி அளவுள்ள சிறு சிறு பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். 8 ஜிபி மெமரி உள்ள கம்ப்யூட்டர் என்றால் சுமார் 21 லட்சம் அறைகள் உள்ள லாட்ஜ் என்று பொருள்! எந்த அறை காலி, எந்த அறை யாரிடம் இருக்கிறது என்று ஒரு நொடிகூடத் தவறாமல் பதிவேட்டில் எழுதி வர வேண்டும்.

வேர்ட், பிரவுசர் போன்ற சாதாரண புரோகிராம்கள் இந்த லாட்ஜில் தங்கும் விருந்தினர்கள். ஒரு விருந்தினர் தவறு செய்தால் மேனேஜர் அவரை மட்டும் வெளியே அனுப்பிவிடுவார். அந்த புரோகிராம் மட்டும் மூடிக்கொள்ளும். ஆனால் மேனேஜரே பதிவேட்டைத் தப்பாக எழுதினால்? அவரைக் கேட்க மேலே யாரும் இல்லை. டிரைவர் சாப்ட்வேர்களில் பலவும் கெர்னலுக்கு உள்ளேயே இயங்குபவை. அதாவது, மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பதிவேட்டில் கைவைக்கும் உரிமை பெற்றவை. அதனால்தான் ஒரு சாதாரண வெப் கேமரா டிரைவர் முழுக் கம்ப்யூட்டரையும் சாய்த்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலத் திரை நம் எதிரி அல்ல. பதிவேடு குழம்பிவிட்டது என்று தெரிந்த பிறகும் தொடர்ந்து இயங்கினால் உங்கள் பைல் ஒன்றின் மீது வேறு எதையாவது எழுதிவிடும் ஆபத்து உண்டு. "இதற்கு மேல் வேண்டாம்" என்று கெர்னல் வேண்டுமென்றே கடையை மூடுவதுதான் நீலத் திரை. 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் முன்னிலையிலேயே, விண்டோஸ் 98-ஐ விளக்கிக் காட்டும்போது ஸ்கேனர் ஒன்றை இணைத்ததும் நீலத் திரை வந்தது. அவருக்கே வந்தது, நமக்கு வராதா?

என்னென்ன தவறுகள் நடக்கும்?

மெமரி ஒதுக்கீட்டுத் தவறுகளை, சுருக்கமாக பக் என்கிறோம், ஐந்து வகையாகப் பிரிக்கலாம். நம் லாட்ஜ் உதாரணத்திலேயே பார்ப்போம்.

முதலாவது, அறையை எடுத்துவிட்டு வேலை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பது. இதை மெமரி லீக் என்பார்கள். ஒரு டிரைவர் நொடிக்குப் பத்து முறை 4 கேபி எடுத்து ஒரு முறைகூடத் திருப்பித் தராமல் இருக்கிறது என்று வையுங்கள். மணிக்கு சுமார் 140 எம்பி போகும். இரண்டரை நாளில் 8 ஜிபியும் காலி. "இரண்டு நாளானால் கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, அறையைக் காலி செய்துவிட்டு, கள்ளச் சாவியோடு மீண்டும் உள்ளே நுழைவது. அதற்குள் அந்த அறைக்கு வேறொரு குடும்பம் வந்திருக்கும். அவர்கள் பெட்டியைத் திறந்து இவர் பொருளைப் போடுவார், அல்லது அவர்கள் பொருளை எடுப்பார். இந்தத் தவறைத்தான் வைரஸ் எழுதுபவர்கள் மிகவும் விரும்புகிறார்கள்.

மூன்றாவது, ஒரே அறைச் சாவியை இரண்டு முறை ஒப்படைப்பது. மேனேஜர் காலி அறைப் பட்டியலில் அதே எண்ணை இரண்டு முறை எழுதிவிடுவார். பிறகு ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிடுவார். சண்டை நிச்சயம்.

நான்காவது, ஓர் அறையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறையிலும் சாமான்களைப் பரப்புவது. "அறை இல்லை" என்று மேனேஜர் சொன்னதைக் காதில் வாங்காமல், இல்லாத அறைக்குள் நுழையப் பார்ப்பதும் இதற்கு உறவுதான்.

ஐந்தாவது, முந்தைய விருந்தினர் விட்டுச் சென்றதைச் சுத்தம் செய்யாமல் அறையை அடுத்தவருக்குக் கொடுப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இது எவ்வளவு பெரிய ஆபத்தாக மாறும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது.

எட்டு பைட்டில் பிடிபட்ட பக்

2021 ஏப்ரலில் ஜெர்மனியில், வெப் சைட்டுகளுக்கு இடம் தரும் ஒரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. டவுன்லோட் செய்த லாக் பைலை விரிக்க முடியவில்லை, பிழை என்று வருகிறது என்பது புகார். லாக் பைல் என்பது வெப் சைட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்ற தினசரிக் குறிப்பு. அதைச் சுருக்கி வைத்திருப்பார்கள்.

அங்கு பணியாற்றிய மேக்ஸ் கெல்லர்மேன் என்ற புரோகிராமர் அந்தப் பைலைக் கையாலேயே சரி செய்து கொடுத்துவிட்டுப் புகாரை முடித்துவிட்டார். சில மாதங்களில் அதே புகார் மீண்டும் வந்தது. பிறகு மீண்டும் வந்தது.

பைலைச் சரி செய்து கொடுப்பது ஐந்து நிமிட வேலை. நம் ஊர் மொழியில் சொன்னால் பார்மட் செய்து கொடுப்பது போல. ஆனால் அவர் அதோடு விடவில்லை. கெட்டுப்போன பைல்களை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கடைசி எட்டு பைட் மட்டும்தான் கெட்டிருந்தது. அந்த இடத்தில் இருந்தவை கண்டபடி வந்த எழுத்துக்கள் அல்ல. ஜிப் பைல் ஒன்றின் முடிவுப் பகுதியில் வரும் எழுத்துக்கள். மேலும், கெட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்கு உரிய பைல்கள்.

இங்குதான் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு மாதப் பைல்களை எல்லாம் சேர்த்து ஒரே ஜிப் பைலாக வாடிக்கையாளருக்கு அனுப்பும் புரோகிராம் ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. அது கடைசி நாள் பைலை அனுப்பியதும், ஜிப்பின் முடிவுப் பகுதியை எழுதும். அந்த எழுத்துக்கள்தான் கடைசி நாள் பைலில் போய் விழுந்திருக்கின்றன. ஆனால் அந்தப் புரோகிராமுக்கு லாக் பைல்களைப் படிக்க மட்டுமே அனுமதி. எழுத அனுமதியே கிடையாது! எழுத அனுமதி இல்லாத பைலில் எழுத்து எப்படி விழும்? தவறு புரோகிராமில் இல்லை, கெர்னலில்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

இதை நிரூபிக்க அவர் மிகச் சிறிய புரோகிராம்கள் இரண்டை எழுதினார். ஒன்று ஒரு பைலில் ஏ என்ற எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும். மற்றொன்று அந்தப் பைலைப் படித்துப் பைப் வழியே அனுப்பிவிட்டு, அதே பைப்பில் பி என்ற எழுத்தைப் போடும். பைலைத் திறந்து பார்த்தால் அதில் பி எழுத்துக்கள்! அந்தப் பைலில் பி எழுதிய புரோகிராம் எதுவுமே இல்லை.

காரணம் இதுதான். ஒரு புரோகிராமிடம் இருந்து மற்றொன்றுக்குத் தகவல் அனுப்பும் குழாய்க்கு லினக்ஸில் பைப் என்று பெயர். இதில் சுழற்சி முறையில் பயன்படும் அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு கொடி இருக்கும். "இந்த அறையில் இன்னும் இடம் இருக்கிறது, மேலும் சேர்க்கலாம்" என்பது அந்தக் கொடிக்குப் பொருள். அறையைப் புதிதாகக் கொடுக்கும்போது பழைய கொடியை எடுத்துவிட வேண்டும். இரண்டு இடங்களில் அதை எடுக்க மறந்துவிட்டார்கள். ஆகவே படிக்க மட்டும் கொண்டுவந்த பைலின் மெமரிப் பிரதி அந்த அறைக்கு வந்தபோதும், முந்தையவர் விட்டுப்போன கொடி பறந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த எழுத்துக்களைக் கெர்னல் அதிலேயே சேர்த்துவிட்டது.

இந்த மறதி 2016-ல் வெளியான லினக்ஸ் 4.9-லேயே புகுந்துவிட்டது. அப்போது அது யாரையும் கடிக்கவில்லை. 2020-ல் வந்த 5.8 பதிப்பில் வேறு ஒரு மாற்றம் செய்தபோது விஷமானது. கம்ப்யூட்டரில் சாதாரண அனுமதி உள்ள எவரும் நிர்வாகியின் பைல்களை மாற்றிக் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம் என்ற நிலை. இதற்கு டர்ட்டி பைப் என்று பெயர் வைத்தார்கள்.

சரி செய்ய எவ்வளவு வேலை? இரண்டு இடங்களில் ஒவ்வொரு வரி. கொடியைப் பூஜ்யமாக்கு, அவ்வளவுதான். 2022 பிப்ரவரி 20 அன்று கெல்லர்மேன் திருத்தத்தோடு லினக்ஸ் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார். மறுநாள் கூகுளின் பிக்சல் 6 போனிலும் இதே பக் இருப்பதை உறுதி செய்து கூகுளுக்கும் எழுதினார். பிப்ரவரி 23 அன்று திருத்தம் செய்யப்பட்ட கெர்னல் வெளிவந்தது. திருத்தம் பரவ அவகாசம் கொடுத்துவிட்டு மார்ச் 7 அன்றுதான் விவரத்தை உலகுக்குச் சொன்னார்கள்.

கணக்கைப் பாருங்கள். புகார் வந்து பக் எது என்று கண்டுபிடிக்கப் பத்து மாதங்கள். திருத்தம் வெளிவர மூன்று நாட்கள். கடினமான வேலை எழுதுவதில் இல்லை, கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. அந்த வாடிக்கையாளர் "சரி, போகட்டும்" என்று பைலை அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பூசி மெழுகினால் போதாது

மெமரி பக்கைத் திருத்துவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கிராஷ் ஆகும் இடம் வேறு, தவறு நடந்த இடம் வேறு. கள்ளச் சாவிக்காரர் காலையில் புகுந்து போயிருப்பார். மாலையில்தான் அறையில் இருந்தவர் கூச்சல் போடுவார். கூச்சல் போட்டவரைப் பிடித்து என்ன பயன்?

அனுபவம் இல்லாத புரோகிராமர்கள் இங்கு இரண்டு குறுக்கு வழிகளைக் கையாள்வார்கள். கிராஷ் ஆன இடத்தில் ஒரு சோதனையைப் போட்டு வாயை அடைப்பது ஒன்று. சாவியை இரண்டு முறை ஒப்படைக்கும் தவறுக்கு, சாவியை ஒப்படைக்கவே வேண்டாம் என்று விட்டுவிடுவது மற்றொன்று. கிராஷ் நிற்கும். ஆனால் லீக் தொடங்கும். சுவரில் ஈரம் கசிந்தால் குழாயைப் பார்க்காமல் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

நல்ல புரோகிராமர்கள் தவறு நடக்கும் நொடியிலேயே பிடிக்க வலை விரிக்கிறார்கள். லினக்ஸில் ஒரு சோதனை வசதி உண்டு. காலியான அறை முழுவதையும் ஒரே எழுத்தால் நிரப்பிவிடும். அது ஆங்கிலச் சிறிய எழுத்து கே. அடுத்த முறை அறையைக் கொடுக்கும்போது எங்காவது ஒரு கே மாறியிருந்தால் இடையில் யாரோ நுழைந்திருக்கிறார் என்று பொருள். 2009-ல் லினக்ஸில் கேமெம்லீக் என்ற லீக் கண்டுபிடிப்பான் சேர்ந்தது. 2015-ல் கேசான் என்ற கருவி வந்தது. இது மெமரியில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் காவலாளி போட்டது போல் கண்காணிக்கும். விண்டோஸில் 2000-ம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே டிரைவர் வெரிபயர் இருக்கிறது. டிரைவர்களைக் கசக்கிப் பிழிந்து சோதிக்கும். இவை எல்லாம் வல்லுநர்களுக்கானவை. வீட்டுக் கம்ப்யூட்டரில் டிரைவர் வெரிபயரை விளையாட்டாக ஓட்டிப் பார்க்காதீர்கள். கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும் நிலை வரலாம்.

கருவிகளைவிட முக்கியமானது தவறை ஒப்புக்கொள்ளும் மனசு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற வேறொரு மெமரி நிர்வாக பக்கைத் திருத்தினார். அதன் குறிப்பிலேயே, பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதைத் திருத்த முயன்றவன் நான்தான், அதைச் சரியாகச் செய்யவில்லை என்ற பொருளில் எழுதினார். வேறொரு வகை ஐபிஎம் பெருங்கணினியில் சிக்கல் வந்ததால் அந்தப் பழைய திருத்தமும் பின்னர் நீக்கப்பட்டிருந்தது. உலகமே பார்க்கும் இடத்தில் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும். பாராட்டத்தான் வேண்டும்.

அப்டேட் என்றால் ஏன் பயம்?

இவ்வளவு பாடுபட்டுச் செய்த திருத்தம் உங்கள் கம்ப்யூட்டருக்கு எப்படி வந்து சேரும்? அப்டேட் வழியாகத்தான். ஆனால் நம் ஊரில் கம்ப்யூட்டரை நிறுவித் தரும் பலரும் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? அப்டேட்டை நிறுத்தி வைப்பது! "நெட் காசு போகும், ஸ்லோ ஆகும்" என்பார்கள்.

2019-ல் மைக்ரோசாப்ட் ஒரு தகவலை வெளியிட்டது. ஆண்டுதோறும் தங்கள் சாப்ட்வேர்களில் தாங்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்பதே அது. அப்டேட்டை நிறுத்துபவர் இந்த ஓட்டைகளைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார். அதுவும் எப்போது? திருத்தம் வெளிவந்ததும், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. பூட்டாத வீட்டின் முகவரி பேப்பரில் வந்த மாதிரி.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்டேட்டினாலேயே கெடுதல் வருவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. இது மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கு. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அதுவும் மெமரித் தவறுதான். கெர்னலுக்குள் இயங்கிய அவர்களின் டிரைவர் 20 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 21-வது விவரத்தைப் படிக்கப் போனது. 20 அறை உள்ள மாடியில் 21-வது அறையைத் திறந்தது போல. 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்தவை விழுந்ததுதான்.

இதைக் காட்டி "பார்த்தாயா, அப்டேட்டே வேண்டாம்" என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் ஏற்கவில்லை. ஒரு முறை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்பவர் உண்டா? பயமாக இருந்தால் விண்டோஸ் அப்டேட்டைச் சில நாட்கள் தள்ளி வைக்க வசதி இருக்கிறது. ஒரு வாரம் தள்ளுங்கள். நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். கெர்னலுக்குள் கை வைக்கும் சாப்ட்வேர்களை ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாமல், முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று நிறுவனங்களைக் கேட்பதுதான் நியாயமான கோரிக்கை.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விலை மலிவு என்று மட்டும் பார்க்காமல், திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் பதிப்பு அதில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்கள் கெர்னல் புரோகிராமர் ஆக வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றைச் செய்தாலே போதும்.

1. நீலத் திரை வந்தால் முதலில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அதில் உள்ள ஸ்டாப் கோடு என்னும் வரிதான் முக்கியம். மெமரி மேனேஜ்மெண்ட், பேட் பூல் காலர், பேட் பூல் ஹெடர் போன்ற சொற்கள் இருந்தால் மெமரி தொடர்பான சிக்கல் என்று கொள்ளலாம். டிரைவர் பைல் பெயர் ஏதேனும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அண்மையில் புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று யோசியுங்கள். பிரிண்டரா, வெப் கேமராவா, ஆன்ட்டி வைரஸா? அதன் தயாரிப்பாளர் தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. எல்லாப் பழியையும் கெர்னல் மேல் போட முடியாது. ராம் கார்டே பழுதாகி இருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்பதைத் தேடி இயக்குங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி ராம் மெமரியைச் சோதித்துச் சொல்லும். அதிக வெப்பமும் கிராஷுக்குக் காரணமாகலாம். விசிறியில் தூசி இருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

4. கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் ஸ்லோ ஆகிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பிரிவில் மெமரியைக் கிளிக் செய்யுங்கள். நான் பேஜ்டு பூல் என்ற அளவைக் குறித்து வையுங்கள். மணிக்கு மணி அது குறையாமல் ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒரு டிரைவர் லீக் ஆகிறது என்று சந்தேகிக்கலாம்.

5. ஷட் டவுன் செய்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட் அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்து வைத்து மறுநாள் அப்படியே எழுப்பும். லீக் ஆன மெமரியும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் கெர்னல் முழுவதும் புதிதாகத் தொடங்கும்.

6. பிழை அறிக்கையை அனுப்பலாமா என்று கேட்டால் அனுப்புங்கள். பலரிடம் இருந்து வரும் அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த டிரைவர் தவறு செய்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

7. முக்கியமான பைல்களை வாரம் ஒரு முறை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பேக்கப் எடுத்து வையுங்கள்.

இவை எதுவும் பலன் தராவிட்டால் பார்மட் செய்யலாம். தப்பில்லை. ஆனால் அதற்கு முன், சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் மினிடம்ப் என்ற போல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கிராஷின்போதும் மெமரியில் என்ன இருந்தது என்ற சிறு குறிப்பை விண்டோஸ் அங்கே சேமித்து வைக்கும். அதைக் காப்பி செய்து கொள்ளுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரின் எக்ஸ்ரே. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் எந்த டிரைவர் மீது சந்தேகம் என்று சொல்லிவிடுவார். எதையும் கேட்காமல் "பார்மட்" என்று சொல்பவரிடம், "அந்தப் போல்டரைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதிலை வைத்தே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

லினக்ஸ் கெர்னலின் புரோகிராம் வரிகள் இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டன. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். மனிதர்கள் எழுதும் 3 கோடி வரிகளில் தவறே இல்லாமல் இருக்காது. இந்த வகைத் தவறுகளில் பெரும்பாலானவற்றை எழுதும்போதே தடுக்கும் ரஸ்ட் என்ற மொழி 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1-ல் இடம் பெற்றது. நல்ல தொடக்கம். ஆனால் பழைய வரிகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றில் உள்ள தவறுகளை ஒவ்வொன்றாகத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த ஆசிரியர் வீட்டில் புதிய டிரைவர் ஏற்றிய பிறகு நீலத் திரை வரவில்லை. ஆனால் திருமணப் போட்டோக்கள் திரும்பி வரவில்லை. இப்போது கம்ப்யூட்டர் மேசை மேல் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார். எப்போது என்ன பிழைச் செய்தி வந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கிறார். நீங்களும் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். பத்து ரூபாய் செலவில் உங்கள் கம்ப்யூட்டருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடைக்காது.